ஏழாயிரம் காதுகள்

செண்பகராஜ் கொட்டகைக்குள் வந்தபோது சுலோச்சனா ஒரு சைக்கிளின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். திருடியவன் நீலத்தின் மேல் கறுப்பு அடித்திருந்தான். கறுப்புக்குக் கீழே எண் இருந்தது. வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தான். கிரீசும் இரும்புத்தூளும் கிடக்கிற அந்தக் கொட்டகைக்குள் யாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததில்லை. அதிலேயே அவளுக்கு அவன்மேல் ஒரு நல்லெண்ணம் வந்துவிட்டது.

"தொலஞ்ச சைக்கிளத் தேடிக் குடுக்கிற எடம் இதுதானாக்கா?"

"இதேதானுங்க. உட்காருங்க. எப்பத் தொலஞ்சுது?"

"எட்டு மாசம் ஆச்சு. என் தங்கச்சியோட சைக்கிள்."

"தங்கச்சி வரலீங்களா?"

"அவ இப்ப இல்லக்கா," என்றான்.

சுலோச்சனா உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

திருப்பூர் எல்லைக்குள் பெட்ரோல் வண்டி வரக்கூடாது என்று சட்டம் வந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற லட்சம் பேரும் சைக்கிளுக்கு மாறினார்கள். சைக்கிளுக்கு மாறியதும் சைக்கிள் திருட்டும் தொழிலாகிவிட்டது. காலையில் பூட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் பூட்டு மட்டும் கிடக்கும். ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புகிற ஊரில், சைக்கிள் போனால் வேலையும் போன மாதிரிதான். சுலோச்சனாவுக்கே அப்படி ஒருமுறை போனது. ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் பதினாறு வருஷமாக இருந்தவள், ஒரு வாரம் நடந்து நடந்து தாமதமாகி, மேனேஜர் முன்னால் கைகட்டி நின்றாள். எட்டாம் நாள் யாரோ முன்பின் தெரியாத இரண்டு பேர் அவளுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். டீ கூடக் குடிக்காமல் போனார்கள். தொலைந்த சைக்கிளைத் தேடிக் கொடுக்கும் அவர்களுடைய குழுவில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவளும் சேர்ந்துவிட்டாள்.

இப்போது குழுவுக்கு மூன்று பொறுப்பாளர்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் திருமூர்த்தியும் காதர் பாயும். திருமூர்த்தி நிட்டிங் மெஷின் மெக்கானிக்; சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். காதர் பாய் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலும் விதிமுறையும் அவரோடு ஒட்டிப் பிறந்தவை.

செண்பகராஜ் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். ஏதோ ஒரு தெற்கத்தித் தெரு. பொங்கல் நாள் போலிருக்கிறது, வாசலெல்லாம் கோலம். சிவப்புச் சைக்கிளில் ஒரு பெண் கோலங்களை மிதிக்காமல் வளைந்து வளைந்து ஓட்டி வருகிறாள். "கனி, விழுந்துராத! கனி!" என்று செண்பகராஜின் குரல் சிரித்துக்கொண்டே கத்துகிறது. அவள் போனுக்கு நேரே வந்து இறங்கி நாக்கைத் துருத்துவதோடு படம் முடிகிறது. மொத்தம் ஐம்பது விநாடி.

"பூங்கனின்னு பேரு," என்றான் அவன். "அவ ஞாபகமா அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். இந்தப் பக்கம் கொண்டுவந்து வித்திருப்பாங்கன்னு சொன்னாங்க. எங்க அம்மா அது நின்ன எடத்தப் பாத்துப் பாத்து அழுதுக்கிட்டே இருக்கா."

பின்னால் நின்று எட்டிப் பார்த்த திருமூர்த்தியின் கண் அகன்றது. "ஐம்பது விநாடி. ரெண்டு வருஷப் பழைய சத்தம். இது கெடைச்சா பெரிய விஷயமுங்க்கா."

"படத்த வச்சா தேடுவீங்க?" என்று கேட்டான் செண்பகராஜ்.

"படம் வேண்டாமுங்க," என்றான் திருமூர்த்தி. "பெயிண்ட் அடிச்சா, கூடையக் கழட்டுனா படம் ஏமாந்துபோகும். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு கொரல் இருக்குது. செயின் தளர்ச்சி, பேரிங் தேய்மானம், மட்கார்டு ஆட்டம் எல்லாஞ் சேந்து. எங்க ஆளுங்க ஏழாயிரம் பேர் போன்ல அந்தக் கொரலக் கேக்கற செயலி ஒண்ணு, காதுன்னு பேரு, ஓடிட்டே இருக்கும். கடையில, ஜன்னல்ல, மேசையில. மனுசங்க பேசறத அது உடனே தள்ளிரும். சக்கரச் சத்தத்த மட்டும் எடுத்து வச்சுப் பாக்கும். ஒத்துப்போச்சுன்னா மேப்புல ஒரு புள்ளி விழும். எங்களுக்கும் விழும், அதே நிமிசம் உங்க போன்லயும் விழும்."

"எனக்குமா?"

"பின்ன? கெடச்ச சைக்கிள நாங்களே வச்சுக்கறோம்னு யாரும் பேசிறப்படாதுல்லங்க."

காதர் பாய் மட்டும் ஒப்பவில்லை. போலீஸ் ரசீது இல்லை, தொலைந்தது இந்த ஊரில் இல்லை. இரண்டும் குழுவின் விதிக்கு எதிர். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "ஒருத்தருக்கு வளைச்சா எல்லாருக்கும் வளைக்கணும்மா," என்றார்.

"தங்கச்சியப் பறிகொடுத்தவன் ஸ்டேஷனுக்கா ஓடுவான், பாய்?" என்றாள் சுலோச்சனா. அவளுக்கும் ஒரு தங்கை இருந்தாள். பத்தொன்பது வயசில் மூளைக்காய்ச்சலில் போனவள். அவளுடைய தாவணி ஒன்று இன்னமும் பீரோவில் மடித்திருக்கிறது. "ஒரு பொருள்தானே கேக்கறான், ஞாபகத்துக்கு."

கொட்டகைக் கருவியில் மூன்று பேரில் இரண்டு பேர் கட்டைவிரல் வைத்தால்தான் தேடல் ஓடும், நிற்கும். திருமூர்த்தி வைத்தான். சுலோச்சனா வைத்தாள். காதர் பாய் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். செண்பகராஜ் இருவர் கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. கிடைக்கும் வரை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் புள்ளி விழுந்தது. அங்கேரிபாளையத்தில், சுலோச்சனாவின் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். தனியாகப் போகக்கூடாது என்பதும் விதிதான். ஆனால் கூட வர வேண்டியவள் வேலையில் இருந்தாள். மூன்று தெரு தள்ளி எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு என்ன என்று சேலையைச் செருகிக்கொண்டு நடந்தாள். செண்பகராஜின் முகத்தை நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது ஒரு லைன் வீடு. எதிரெதிராக எட்டுக் கதவு, நடுவில் குழாய். மூன்றாவது கதவுக்கு முன்னால் ஒரு லேடீஸ் சைக்கிள் நின்றது. கறுப்புப் பெயிண்ட். சிவப்புக்கு மேல் அடித்திருப்பார்கள் என்று நினைத்தபடி அவள் குனியும்போது கதவு திறந்தது. துவைத்த துணி வாளியோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

வீடியோவை சுலோச்சனா இருபது தடவையாவது பார்த்திருப்பாள். இளைத்திருந்தாலும் முகம் அதேதான்.

"கனி?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

வாளி கீழே விழுந்தது. அந்தப் பெண் குழாயடியில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுலோச்சனாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "இங்க எனக்கு அந்தப் பேரு இல்ல. யாருக்கா நீங்க? எங்க அண்ணன் அனுப்புனானா?"

"நீ... உசுரோட இருக்கறயா? நீ இல்லைன்னு சொன்னானே."

"அவங்களுக்கு நான் இல்லாதவதான்." அவள் குரல் தெளிவாக இருந்தது. "ஜெபசிங்கக் கட்டிக்கிட்டு வந்தேன். அவங்க வேற ஆளுங்க. என் பெரியம்மா மகளும் இப்படித்தான் ஒருத்தரோட போனா. சமாதானமாப் போயிருவோம்னு நல்லவிதமாப் பேசிக் கூட்டிட்டு வந்தாங்க. மூணாம் நாள் வயித்துவலியில செத்துட்டான்னு சொல்லி எரிச்சிட்டாங்க. பேசிக் கூட்டிட்டு வந்தது எங்க அண்ணன்தான்க்கா."

சுலோச்சனா கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்த கால்கள் நினைவில் வந்து நின்றன. கையிலிருந்த போனைப் பார்த்தாள். புள்ளிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: உரிமையாளர் பார்த்துவிட்டார், 10.34. இப்போது மணி 10.41. ஸ்டேஷனிலிருந்து பாட்டரி ஆட்டோவில் இருபது நிமிஷம்.

"ஜெபசிங் எங்க?"

"வேலைக்குப் போயிருக்காங்க. எங்கிட்ட போன் கெடையாது. நம்பர வச்சுக் கண்டுபுடிச்சிருவாங்கன்னு வாங்கல."

சுலோச்சனா தன் போனைக் கொடுத்தாள். பூங்கனி எண்ணை அழுத்தி, புது பஸ் ஸ்டாண்டுக்கு உடனே வந்துவிடும்படி மட்டும் புருஷனிடம் சொன்னாள். அதற்குள் சுலோச்சனாவின் மனசில் ஒரு வழி தோன்றிவிட்டது. சைக்கிளைத்தானே ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது? சைக்கிள் தெற்கே போனால் புள்ளியும் தெற்கே போகும். புள்ளிக்குப் பின்னால் அவனும் போவான்.

"சைக்கிள் சாவியக் குடு. அவன் இதத்தான் தேடிட்டு வர்றான். நான் இத எடுத்துட்டுப் போறேன். நீ பக்கத்து வீட்ல ஒரு சைக்கிள வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு மிதி."

"அக்கா, இந்தச் சைக்கிள் நான்..."

"பேசறதுக்கு நேரமில்ல கண்ணு. கெளம்பு!"

பூங்கனி சாவியைக் கொடுத்தாள். ஒரு பையில் நாலு துணியைத் திணித்தாள். கதவைப் பூட்டக்கூட இல்லை.

சுலோச்சனா மிதித்தாள். நாற்பத்தெட்டு வயசில், முட்டி வலியோடு, சின்னப் பெண்ணுக்குத் தகுந்த உயரத்தில் இருந்த சீட்டில் உட்கார்ந்து அவிநாசி ரோட்டைப் பிடித்துத் தெற்கே மிதித்தாள். ஒவ்வொரு பத்துக் கடைக்கும் ஒரு கடைக் கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் தெரிந்தது. காது வரைந்த ஸ்டிக்கர். பாதிக்கு மேல் அவளே ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து நடந்து ஒட்டியவை. பேக்கரிக்காரர், தையல்காரர், பூக்கட்டுகிற அம்மா, எல்லோருமே கேட்டவுடன் போனில் காதைத் திறந்துவிட்டவர்கள். நல்லாக் கேளுங்க, நல்லாக் கேளுங்க என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். ரயில்வே மேம்பாலம் ஏறும்போது மூச்சு இரைத்தது. மேலே நின்று பார்த்தால் ஸ்டேஷன் தெரிந்தது. அவன் இந்நேரம் திரும்பியிருப்பான், தன் பின்னால் வந்துகொண்டிருப்பான் என்று பயமும் தைரியமுமாக இறங்கினாள்.

நொய்யல் பாலத்துக்கு வந்ததும் ஓரமாக நிறுத்திக் கொட்டகைக்குப் போன் போட்டாள். திருமூர்த்தி எடுத்தான். நடந்ததை மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்துவிட்டு, "புள்ளி நகருதா திரு?" என்று கேட்டாள்.

"நகருதுங்க்கா. வேகமாத்தான் போகுது. பி.என். ரோட்டுல இருக்குது. இன்னம் ஒரு கிலோமீட்டர் போனா புது பஸ் ஸ்டாண்டு."

சுலோச்சனா திரும்பிப் பாலத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். "திரு, நான் நொய்யல் பாலத்துல நிக்கறேன்."

அந்தப் பக்கம் அவன் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"திரு!"

"அக்கா, நீங்க ஓட்டிட்டு வந்த சைக்கிள் வீடியோவுல இருக்கற சைக்கிள்தானுங்களா? எண்ணப் பாத்தீங்களா?"

அவள் பார்த்திருக்கவில்லை. குனிந்து மிதிகட்டைக்குக் கீழே நகத்தால் கறுப்பைச் சுரண்டினாள். கறுப்புக்குக் கீழேயும் கறுப்புத்தான். அது கம்பெனியில் பிறந்ததே கறுப்பு. அக்கா, இந்தச் சைக்கிள் நான்... என்று அந்தப் பெண் சொல்லவந்தது இதைத்தான். இந்தச் சைக்கிள் நான் இங்கே வந்து வாங்கினது.

"ஐயோ," என்றான் திருமூர்த்தி. "அக்கா, நமக்கு அப்பப்பத் தப்புப் புள்ளி விழுகுமே, ஞாபகமிருக்குதுங்களா? போய்ப் பாத்தா சைக்கிளத் தொலச்சவரே வாடகைச் சைக்கிள்ல போயிட்டு இருப்பாரு. சிரிச்சுட்டுக் கணக்குல எடுக்காம விட்டோம். அது தப்பில்லீங்க்கா. நம்ம காதுக்குச் சொல்லிக்குடுத்த சத்தமெல்லாம் சொந்தக்காரங்க அவங்கவங்க சைக்கிள ஓட்டிப் பதிஞ்சது. அது ரெண்டையும் சேத்துக் கத்துக்கிச்சு. சைக்கிளோட சத்தம் ஒண்ணு, மிதிக்கற மனுசனோட தாளம் ஒண்ணு. எது கெடைச்சாலும் புள்ளி வைக்குது. இப்ப அது சைக்கிளக் கேக்கலக்கா. அந்தப் புள்ளையோட காலக் கேக்குது."

சைக்கிளில் போ, மிதி என்று அவளை அனுப்பியதே தான்தான் என்பது சுலோச்சனாவுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

"நிறுத்து திரு. எல்லாத்தையும் நிறுத்து."

"ரெண்டு வெரல் வேணுமேக்கா. நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

அவள் அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டுக் காதர் பாயைக் கூப்பிட்டாள். அவர் வீடு பி.என். ரோட்டில்தான், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால். என்ன ஏது என்று அவர் கேட்கவில்லை. "எந்த நிறச் சட்டைம்மா அந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டார். "பச்சைச் சுடிதார். அவளச் சைக்கிள விட்டு எறக்கிருங்க பாய். எறக்குனாப் போதும்."

பிறகு குழுவின் ஏழாயிரம் பேருக்கும் சேர்த்து ஒரு குரல் செய்தி போட்டாள். "நான் செக்கிங் சுலோச்சனா பேசறேன். எல்லாரும் இப்பவே காத அடைச்சிருங்க. காரணம் பொறவு சொல்றேன். நாம தேடுனது சைக்கிள் இல்ல. ஒரு பொண்ணு. அவளக் கொல்ல ஆளு போயிட்டு இருக்குது. அடைச்சிருங்க சாமிகளா."

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து மேப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேறு எதுவும் செய்வதற்கில்லை. ஊரெங்கும் ஒளிர்ந்த காதுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதலில் நூறு, பிறகு ஆயிரம். சிலர் அணைக்கவில்லை. என்னாச்சு என்று கேட்டார்கள், யாராவது விளையாடுகிறார்களா என்று கேட்டார்கள். பி.என். ரோட்டில் அந்தப் புள்ளி விட்டு விட்டுத் தெரிந்தது. ஓரிடத்தில் மறைந்து, நூறடி தள்ளித் திரும்ப முளைத்தது. பிறகு முளைக்கவே இல்லை.

பதினைந்து நிமிஷம் கழித்துக் காதர் பாய் கூப்பிட்டார். நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்று அந்தப் பெண்ணின் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். அவள் அலறியிருக்கிறாள். "நானும் ரெண்டு பொண்ணப் பெத்தவம்மா, எறங்கு," என்று சொல்லி, எதிரே வந்த ஈரோடு பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார். டிரைவர் அவரோடு பத்து வருஷம் ஓடியவர். பஸ் கிளம்புகிறபோது ஒரு பாட்டரி ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் அதில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்திருந்தால் பஸ் ஜன்னலில் தங்கை தெரிந்திருப்பாள். அவன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தானே தவிர நிமிரவில்லை. அந்தப் பெண்ணின் புருஷனுக்கு போன் போட்டு, பஸ் ஸ்டாண்டுக்குள் போகாமல் அடுத்த நிறுத்தத்துக்கு வரச் சொல்லி அவனையும் அதே பஸ்ஸில் ஏற்றியாகிவிட்டது.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்களே, பாய்," என்றாள் சுலோச்சனா.

"அத விடும்மா. தண்ணி குடி மொதல்ல," என்றார் அவர்.

மறுநாள் காலை செண்பகராஜ் கொட்டகைக்கு வந்தான். இந்தமுறையும் செருப்பை வெளியேதான் விட்டான். சுலோச்சனா எழுந்து நின்றாள். கத்துவான், கை ஓங்குவான் என்று எதிர்பார்த்தாள். அவன் தூங்காத கண்களோடு அமைதியாகத்தான் பேசினான்.

"நீங்கதான் அனுப்பிச்சீங்கன்னு தெரியும்க்கா. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

"உன்ற பெரியம்மா மகளும் வயித்துவலியிலதான் செத்தாளா?"

அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து மறைந்தது. "எங்க வீட்டு விஷயம் அது. கனிய நான் தோள்ல தூக்கி வளத்தேன். ஊர்ல எங்க அம்மா தலை நிமிந்து தண்ணி எடுக்கப் போக முடியல. நீங்க என்ன கண்டீங்க?" பையைத் தோளில் மாட்டினான். "ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இந்தக் காத நீங்க பொதுவுலதான வச்சிருக்கீங்க? யார் வேணும்னாலும் எறக்கிக்கிடலாம், எந்த ஊர்லயும் ஆரம்பிக்கலாம்னு போட்டிருந்துச்சு. நான் எறக்கிட்டேன். எங்க பக்கமும் சைக்கிள் ரொம்பக் காணாமப் போகுது. ஆளுங்க நெறயப் பேரு இருக்காங்க, உதவி செய்ய."

செருப்பை மாட்டிக்கொண்டு போனான். திருமூர்த்தி தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பொதுவில் வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டு வாங்கியவன் அவன்தான். நாலு ஊர்க்காரர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். கொட்டகை கொள்ளாமல் வாசலிலும் நின்றார்கள். சுலோச்சனா நடந்தது முழுவதையும் மறைக்காமல் சொன்னாள். விதியை வளைத்தது தான் என்றும், விரல் வைத்தது தான் என்றும் சொன்னாள். காதை மூடிவிடலாம் என்று கேட்டாள்.

சாயப்பட்டறையில் வேலை செய்கிற தெய்வானை எழுந்தாள். அவளுக்கு இரண்டு தடவை சைக்கிள் போய் இரண்டு தடவையும் குழுதான் மீட்டுக் கொடுத்தது. "அந்தப் புள்ளைக்கு நடந்தது கொடுமைதானுங்க்கா, இல்லீங்கல. ஆனா நான் விடியால அஞ்சு மணிக்குப் போகோணும். சைக்கிள் இல்லைன்னா என்ற ரெண்டு கொழந்தைகளுக்குச் சோறு இல்ல. அவங்கிட்டத்தான் அது போயிருச்சே. கெட்டவன் கையில இருக்கறத நம்மால புடுங்க முடியாது. அப்பறம் நம்ம கையில இருக்கறத மட்டும் எதுக்கு ஒடைக்கோணும்?"

பலர் தலையாட்டினார்கள். போலீஸ் ரசீது இல்லாமல் தேடக்கூடாது, உரிமையாளருக்குப் புள்ளி போகக்கூடாது, மூன்று விரலும் வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டுக் காதைத் தொடர்வதாகக் கை தூக்கினார்கள். சைக்கிளின் சத்தத்தையும் காலின் தாளத்தையும் பிரித்துவிட முடியும் என்று திருமூர்த்தி சொன்னான். எத்தனை நாளாகும் என்று காதர் பாய் கேட்டதற்கு, ஒரு வருஷம் என்றான்.

சுலோச்சனா பொறுப்பை விட்டு விலகிக்கொண்டாள். வேலைக்கு நடந்தே போகத் தொடங்கினாள். இரண்டு மாசம் கழித்து ஒரு சாயங்காலம் வழியில் திருமூர்த்தியைப் பார்த்தபோது, தெற்கே மூன்று ஊர்களில் காது ஓடத் தொடங்கியிருப்பதாக அவன் சொன்னான். நல்லவர்களும் சேர்ந்திருக்கிறார்களாம், நூறு சைக்கிளுக்கு மேல் மீட்டிருக்கிறார்களாம். "எவன் எதுக்குச் சேந்திருக்கான்னு எப்படிங்க்கா கண்டுபுடிக்கறது?" என்று கேட்டான். அவனுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "நடைக்கும் தாளம் இருக்குதுங்க்கா. சக்கரத்த விடச் சன்னமா. யாராச்சும் சொல்லிக்குடுத்தா அதுவும் கத்துக்கும். சொல்லிக்குடுத்துட்டாங்களான்னுதான் எனக்குத் தெரியல."

அதற்கடுத்த வாரம், கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நாந்தான்."

அந்தக் குரலைக் கேட்டதும் சுலோச்சனா எழுந்து, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "கண்ணு! நல்லா இருக்கறயா? ரெண்டு பேரும் நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கோம்க்கா. எங்க இருக்கோம்னு சொல்ல மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க. வேலை கெடச்சிருக்கு. பாய்தான் பஸ்ல ஏத்திவிடும்போது சைக்கிளத் தொட்டுராதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. தொடுறதில்லக்கா. மூணு கிலோமீட்டர், தெனமும் நடந்துதான் போறேன்." பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் கூப்பிட்டேன். ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்கு. நடந்தா தெரியுமாக்கா?"

சுலோச்சனா வாய் திறந்தாள். பொய் சொல்ல வரவில்லை. உள்ளதைச் சொல்வதானால் அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"தெரியாது, கண்ணு."

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது. "அப்பாடா," என்றாள் பூங்கனி. அவள் குரலில் அந்த வீடியோவில் பார்த்த பெண்ணின் சாயல் கொஞ்சம் இருந்தது. "அது போதும்க்கா. இனி நிம்மதியாத் தூங்குவேன். வைக்கிறேன்."

"கண்ணு, இரு, நான் சொன்னது..."

இணைப்பு போய்விட்டது.

தனக்குத் தெரியாது என்று அவள் சொன்னதை, காதுக்குத் தெரியாது என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டுவிட்டாள். சுலோச்சனா அதே எண்ணைத் திரும்ப அழுத்தினாள். நாலைந்து மணி அடித்த பிறகு ஓர் ஆண் குரல் கேட்டது.

"யாருங்க? ஓ, அந்தப் பொண்ணுங்களா? எனக்குத் தெரியாதுங்க. ரோட்டுல வந்து ஒரு நிமிஷம் போன் குடுங்கன்னு கேட்டுச்சு, குடுத்தேன். பேசிட்டு நடந்து போயிருச்சு. ஆள் இன்னும் கண்ணுக்குத் தெரியுது. எதும் சொல்லணுமா?"

எந்தப் பக்கம் போகிறாள் என்று கேட்பதற்கு வாயெடுத்தவள், இன்னொரு தடவை அவளைத் தேடக்கூடாது என்று கேட்காமலே போனை வைத்தாள்.